முதலில் கியர், பிறகு மோட்டார்

இடுக்கி மாவட்டம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப் ஓட்டுநர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். கற்பாதை தொடங்கியதும் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்பியை இழுப்பார்கள். ‘ஃபோர் லோ’ விழுந்துவிட்டது என்று பொருள். கொழுக்குமலை நம் தேனி மாவட்ட எல்லைக்குள் இருந்தாலும் வண்டி போகும் வழி கேரளப் பக்கத்திலிருந்துதான். பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான் தூரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அங்கே வண்டியைக் கரை சேர்ப்பது எஞ்சினின் குதிரைத்திறன் அல்ல, அந்தச் சின்னக் கம்பி.

பாறை ஏறும் ரிமோட் வண்டி வாங்கவோ கட்டவோ நினைப்பவர்கள் முதலில் இந்த ஜீப்பைத்தான் படிக்க வேண்டும். ‘ராக் கிராலர்’ என்று அழைக்கப்படும் இந்த வண்டிகள் ஓட்டப்பந்தயக் கார்கள் அல்ல. ஓர் அடி உயரக் கல்லை எந்தச் சக்கரத்தை எங்கே வைத்து ஏறுவது என்று யோசித்து யோசித்து ஏற்றுவதுதான் இந்த விளையாட்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் காய்ந்த பாறை, நெல்லியாம்பதியிலும் தேவிகுளத்திலும் பாசி படிந்த ஈரப்பாறை என்று பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்தில் இதற்கேற்ற களத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வண்டி வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “எந்த மோட்டார் போட்டால் சக்தி அதிகம்?” என்பதுதான். கேட்க வேண்டியது வேறு: இந்த வண்டி நடுங்காமல், நிற்காமல், எவ்வளவு மெதுவாகப் போகும்?

ஜீப் கணக்கு

மஹிந்திரா நிறுவனம் வில்லீஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியது 1947-இல். பின்னாளில் அது உரிமம் பெற்றுத் தயாரித்த சிஜே-3பி ரகத்தை எடுத்துக்கொள்வோம். முதல் கியரின் விகிதம் 2.8, சின்னக் கம்பி இயக்கும் ‘லோ’ விகிதம் 2.46, அச்சில் உள்ள பல்சக்கரங்களின் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது எஞ்சின் 37 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர்கூடப் போகாது. மனிதர் நடப்பதைவிட மெதுவு. ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கில் மட்டும் கவனம் வைக்க முடிவது இதனால்தான். இன்று மலையில் ஓடுபவை பெரும்பாலும் பிந்தைய ரகங்கள். விகிதங்கள் கொஞ்சம் மாறும், கணக்கு மாறாது.

இனி சின்ன வண்டிக்கு வருவோம். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கிராலர்தான் பரவலாக ஓட்டப்படுவது. ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்10 வரிசையும், டிராக்சஸ் 2017-இல் கொண்டுவந்த டிஆர்எக்ஸ்-4 வண்டியும் இந்த அளவுதான். இதிலும் மூன்று இடங்களில் வேகம் குறைக்கப்படுகிறது. மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது கடிக்கும் பெரிய சக்கரம் ஸ்பர். அதன்பின் கியர் பெட்டி, அதன்பின் அச்சு. பினியனுக்கு 14 பல், ஸ்பருக்கு 56 பல் என்றால் விகிதம் 4. பெட்டியில் 3.5, அச்சில் 3 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 42.

வோல்ட் ஒன்றுக்கு 1,400 சுற்று தரும் மோட்டாரை (இதைத்தான் பெட்டியில் 1400 கேவி என்று போடுகிறார்கள்) 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியில் இணைத்தால் நிமிடத்துக்கு 15,540 சுற்று. 42 ஆல் வகுத்தால் சக்கரம் 370 சுற்று. டயரின் விட்டம் 119 மில்லிமீட்டர் என்றால், உச்ச வேகம் மணிக்கு 8.3 கிலோமீட்டர். விறுவிறுவென்று நடப்பவரை முந்தும் வேகம். கிராலருக்கு இது தாராளம்.

ஆனால் உச்ச வேகம் யாருக்கு வேண்டும்? கொழுக்குமலை ஜீப்பின் அந்த நடை வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் விநாடிக்கு 8 சென்டிமீட்டர். அதற்கு நம் மோட்டார் நிமிடத்துக்கு 540 சுற்று மட்டும் சுற்ற வேண்டும். முழு வேகத்தில் மூன்றரை சதவீதம்! 15,000 சுற்றுக்குப் பிறந்த மோட்டாரை 540 சுற்றில், பாறையின் சுமையோடு, ஒரே சீராக ஓட வைப்பதுதான் உண்மையான சவால். 2800 கேவி மோட்டார் வாங்கினால் அது இரண்டு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ரிமோட்டின் விசையை விரல் நுனியால் தொட்டாலே வண்டி துள்ளும்.

சூடு எங்கிருந்து வருகிறது

மூன்று கிலோ எடையுள்ள வண்டி 45 பாகைச் சரிவில் ஏறும்போது அதைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 21 நியூட்டன். பல்சக்கரங்களில் உராய்ந்து வீணாவதையும் சேர்த்தால், 42 விகிதத்தில் 1400 கேவி மோட்டார் இதற்கு ஆறு ஆம்பியர் அளவு மின்சாரம் கேட்கும். 2800 கேவி மோட்டார் பன்னிரண்டு கேட்கும். “அப்படியானால் கேவி குறைந்த மோட்டார் சூடாகாது” என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. ஒரே அளவு மோட்டாரில் கம்பியைக் கூடுதலாகச் சுற்றினால் மின்சாரம் குறையும், ஆனால் கம்பி மெலிந்து நீள்வதால் மின்தடை கூடும். மோட்டாருக்குள் பிறக்கும் வெப்பம் பெரிதாக மாறாது. பிழைப்பது வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி (இஎஸ்சி) மட்டும்தான்.

மோட்டாரின் சூட்டைக் குறைப்பது பல்சக்கரம். பினியனை 14 பல்லிலிருந்து 12-க்கு இறக்குங்கள். மொத்த விகிதம் 49 ஆகும். மோட்டார் தர வேண்டிய முறுக்குவிசை ஏழில் ஒரு பங்கு குறையும். வெப்பம் அந்த விசையின் இருமடிப்படி மாறுவதால் கால்வாசிக்கு மேல் குறைந்துவிடும். இழப்பது என்ன? மணிக்கு 8.3 கிலோமீட்டர் 7.1 ஆகிறது, அவ்வளவுதான். விலை மலிவான ஒரு சின்ன இரும்புச் சக்கரம் செய்யும் வேலை இது. மோட்டாரை மாற்றும் முன் பினியனை மாற்றிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். மாற்றும்போது இரு சக்கரங்களின் பற்களுக்கு நடுவே ஒரு மெல்லிய காகிதத் துண்டு கசங்கிப் போகும் அளவு இடைவெளி விடுங்கள். பினியனின் திருகு மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும்.

பிரஷ் உள்ள மோட்டார்களில் கேவிக்குப் பதில் ‘டர்ன்’ கணக்கு. ஆர்மேச்சரில் கம்பி எத்தனை சுற்று என்பதே அது. எண் கூடினால் வேகம் குறையும். கிராலர்களோடு வரும் 540 அளவு மோட்டார்கள் பெரும்பாலும் 35 டர்ன். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை. விலை குறைவு, குறைந்த சுற்றிலும் பட்டுப் போல ஓடும். பிரஷ் தேயும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

பிரஷ் இல்லாதவை நீடித்து உழைக்கும். ஆனால் சென்சார் இல்லாத ரகத்தைக் கிராலருக்கு வாங்க வேண்டாம். சுழலும் காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்பதை அந்த ரக இஎஸ்சி, மோட்டார் சுற்றும்போது பிறக்கும் எதிர் மின்னழுத்தத்தை வைத்துத்தான் ஊகிக்கிறது. மோட்டார் நின்றிருந்தால் அந்த அழுத்தமே இல்லை. எனவே புறப்படும்போது வண்டி விக்கி விக்கித் திணறும், அதுவும் ஒரு சக்கரம் பாறை விளிம்பில் தொங்கும் சரியான நேரத்தில். ஹால் சென்சார் உள்ள ரகம் இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. ஹாபிவிங் நிறுவனத்தின் ஃப்யூஷன் போன்றவற்றில் மோட்டாரும் இஎஸ்சியும் ஒரே கூட்டுக்குள் வருகின்றன, ஒயர்களும் குறைவு.

இறங்கும்போது

ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பது மலை ஓட்டுநர் எல்லோருக்கும் தெரியும். ஜீப் லோ கியரில் எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கும். கிராலரில் அந்த வேலையைச் செய்வது ‘டிராக் பிரேக்’. விசையை விட்டதும் இஎஸ்சி மோட்டாரின் முனைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும். சரிவில் சக்கரம் மோட்டாரைச் சுற்ற முயன்றால் அங்கே பிறக்கும் மின்சாரமே அதைத் தடுக்கும். பந்தயக் கார் இஎஸ்சிகளில் இது பலவீனமாக இருக்கும், கிராலருக்கானதில் நூறு சதவீதம் வரை வைக்கலாம். இதிலும் பல்சக்கரம் துணைக்கு வருகிறது: தடுப்பு விசை கியர் விகிதத்தின் இருமடிப்படி கூடும். 42-ஐ 49 ஆக்கினால் பிடிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் அதிகம்.

தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் இடுக்கிப் பக்கம் கணக்கு வேறு. பாசிப் பாறையில் வழுக்குவதற்குக் காரணம் மோட்டார் அல்ல. மென்மையான ரப்பர் டயரும், சக்கரத்தருகே தாழ்வாக வைத்த பித்தளை எடையும்தான் அங்கே உதவும். நீர் புகாத இஎஸ்சி அவசியம். பிரஷ் மோட்டார் ஓடைத் தண்ணீரில் நனைந்தாலும் ஓடும், ஆனால் வீட்டுக்கு வந்ததும் சேற்றைக் கழுவி, உலர்த்தி, பேரிங்குகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் துருப்பிடித்துவிடும். மறக்கக் கூடாத இன்னொன்று, சின்னக்கானல் பக்கம் காட்டு யானை நடமாட்டம் உண்டு. காப்புக்காட்டுக்குள் வண்டியை எடுத்துப் போகாதீர்கள். தோட்டப் பாறையென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வண்டி தயாரானதும் பத்து நிமிடம் ஏற்றத்தில் ஓட்டிவிட்டு மோட்டார் கூட்டின் மேல் விரலை வையுங்கள். மூன்று விநாடி பொறுக்க முடிந்தால் அந்த கியர் சரி. சுட்டால், இரண்டு பல் குறைந்த பினியனைப் போட்டு அதே பாறையில் மறுபடி ஏற்றிப் பாருங்கள்.