வெயிலும் நிறமும்: யாருடைய கணக்கு?

கோடை நாளொன்றில் ரொறன்ரோவின் வூட்பைன் ஏரிக்கரைக்குப் போகும் எவரும் இதைக் காணலாம். வெள்ளையர் வெயிலைத் தேடி மணலிற் கிடப்பார்கள். எம்மவர் மரநிழல் தேடிப் பாய் விரிப்பார்கள். "வெயிலுக்குள்ளை நிண்டு கறுத்துப் போகாதை பிள்ளை" என்ற குரலும் கேட்கும். பெரும்பாலும் அது பெண்பிள்ளைக்கே சொல்லப்படுவது. அவர்களுக்கு நாம் புதினம், எமக்கு அவர்கள் புதினம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது எனது வாதம்.

அந்த வேர் உழைப்பு. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் வெளிறிய தோலே மேன்மக்களின் அடையாளம். வயலில் நின்றவனே கறுத்தான். கைத்தொழிற் புரட்சி உழைப்பாளியைத் தொழிற்சாலைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் தள்ளியபின் வெளிறல் வறுமையின் நிறமாயிற்று. 1903இல் நீல்ஸ் ஃபின்சன் ஒளிச் சிகிச்சைக்காக நோபல் பரிசு பெற்றார். 1920களில் வெயிலில் பழுத்த தோல் ஓய்வுக்கும் வசதிக்கும் சான்றாகத் தொடங்கியது. எமது மண்ணிலோ உழைப்பு வயலிலும் தோட்டத்திலும் கடலிலும் வெயிலோடேயே இருந்தது. எனவே நிழல் உயர்வாகவே நீடித்தது. அதில் சாதியும் சீதனமும் ஒட்டிக்கொண்டன. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபெயார் அண்ட் லவ்லி' களிம்பு 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது. எமது மணமகள் விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' இன்னும் மாறவில்லை.

ஊரில் விரிவுரையாளனாக இருந்த நான் இங்கு யன்னலற்ற தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். ஊரிலிருந்து வருவோர் "கனடா வந்து நல்ல நிறமாகி விட்டீர்கள்" என்கிறார்கள். ஐரோப்பியரின் பழைய கணக்கில் இது பாட்டாளியின் நிறம். எம்மவர் கணக்கில் இதுவே உயர்ச்சி!

இது வெறும் வேடிக்கையல்ல. யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 10 பாகைக்குக் கிட்ட உள்ளது. ரொறன்ரோ 44 பாகைக்குக் கிட்ட. நவம்பர் முதல் பெப்ரவரி வரை இங்கு சூரியன் தாழ்ந்தே நிற்பதால், தோலில் விற்றமின் டி உண்டாக்கும் கதிர்கள் போதியளவு நிலத்தை எட்டுவதில்லை. எமது தோலிலுள்ள மெலனின் அக்கதிர்களை உறிஞ்சுவதால் கோடையிலும் எமக்குக் கூடிய நேரம் வேண்டும். போதாமை கடுமையானால் குழந்தைகளின் கால் எலும்பு வளையும்; பெரியவர்களுக்கு எலும்பும் தசையும் நோகும். ஊரில் குழந்தைக்கு இளவெயில் காட்டிய தாய், இங்கு மூடிய யன்னலருகே கிடத்துகிறாள். கண்ணாடி தேவையான கதிரைத் தடுத்துவிடும்; பயனில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு விற்றமின் டி துளி கொடுக்கும்படி கனடா சுகாதாரத் திணைக்களம் கூறுகிறது. கனடாவில் பசுப்பாலிலும் மாஜரீனிலும் இது சட்டப்படி சேர்க்கப்படுகிறது. தேநீருக்கு மட்டும் பால் விடும் வீட்டுக்கு அது போதாது.

மறுபக்கமும் உண்டு. கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது என்பது தவறு. வருவது குறைவுதான், வந்தால் பிந்தியே கண்டுபிடிக்கப்படுகிறது. 1981இல் பொப் மார்லி இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவினால். அந்த வகைக்கு வெயில் முக்கிய காரணமல்ல. ஆகவே நிழலில் இருந்தவரும் உள்ளங்கால், உள்ளங்கை, நகம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலின் கடுமையை அளக்கும் புறஊதாச் சுட்டெண்ணை 1992இல் உலகுக்குத் தந்தவர்கள் கனடாவின் சுற்றாடல் திணைக்கள விஞ்ஞானிகள். அது 3ஐ எட்டினாலே தொப்பியும் நிழலும் எல்லாருக்கும் வேண்டும். பழுப்புத் தோல் மோகத்தையும் இங்குள்ளோர் கேள்விக்கு உட்படுத்தினர்: 2014 மே முதல் ஒன்ராறியோவில் 18 வயதுக்குக் குறைந்தோர் செயற்கை வெயிற் படுக்கைகளைப் பயன்படுத்தத் தடை.

அவர்கள் தமது மோகத்துக்குச் சட்டம் போட்டார்கள். நாம் எமது மோகத்தை இன்னும் கலாசாரம் என்கிறோம். எரிவுக்காகப் பிள்ளையை நிழலுக்கு அழைப்பது அக்கறை. நிறத்துக்காக அழைப்பது, அவள் கலியாணச் சந்தையில் என்ன விலை போவாள் என்று சிறுவயதிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது. பாடசாலை முடிந்து வரும் மகள் வெளியே விளையாடட்டும். களிம்புக்குக் காசு ஒதுக்கும் வீடுகள் முதலில் விற்றமின் துளிக்கு ஒதுக்கட்டும்.