கமகஹோனு: இரவு நடை தொடங்கும் இடம்

சற்று நேரம் கடலைப் பார்த்தபடி நில்லுங்கள். கைலுவா-கோனாவின் இந்தச் சிறு குடாவுக்குக் கமகஹோனு, அதாவது 'ஆமையின் கண்', என்று பெயர். ஹவாய்த் தீவுகளை ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்த முதலாம் கமேஹமேஹா இங்கேதான் 1819 மே 8 அன்று காலமானார். ஒருவரின் 'மனா' எனும் ஆற்றல் எலும்பில் தங்குகிறது என்பது ஹவாய் மக்களின் நம்பிக்கை. பகைவர் கைக்கு எட்டிவிடக் கூடாதே என்று, மன்னரின் எலும்புகளை அவருக்கு நெருக்கமானவர்கள் ரகசியமாக எடுத்துப்போய் மறைத்தார்கள். அந்த இடம் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதே ஆண்டு, அவர் மகன் லிஹோலிஹோ பெண்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிட்டார். ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக் கூடாது என்ற 'கபு' விதி அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் உடைந்தது.

எதிரே, கூரை வேய்ந்த குடிசையோடு தெரிவது அஹுஎனா கோயில். பழையதைவிடச் சிறிதாக மீண்டும் எழுப்பியது. அங்குள்ள மரச்சிலைகளில் உயரமானதன் தலையைப் பாருங்கள்: செதுக்கிய ஓர் உப்புக்கொத்திப் பறவை அமர்ந்திருக்கிறது.

ஹவாய்த் தீவுகளில் சில நிலா இரவுகளில் முரசும் தீப்பந்தமுமாக மாண்ட வீரர்கள் அணிவகுத்து வருவார்கள் என்பார்கள். 'ஹுவாகாய் போ' என்பது அந்த ஊர்வலத்தின் பெயர். எதிர்ப்பட்டால் குப்புறப் படுத்துவிட வேண்டும், ஏறிட்டுப் பார்க்கவே கூடாது. அணியில் உங்கள் மூதாதை ஒருவர் இருந்தால், அவர் குரல் கொடுத்து உங்களைக் காப்பாற்றுவார். இவர்களைப் பேய் என்று சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை.

கோயில் மேடைமீது ஏற வேண்டாம். கல் எதையும் எடுக்க வேண்டாம்.