குற்றவியலும் சட்டமும்: இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு என்ன வேலை?

2022 மே மாதம், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த மரண தண்டனை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றங்களுக்குப் புதிய கடமை ஒன்றை விதித்தது. தூக்கு விதிப்பதா என்று முடிவெடுப்பதற்கு முன், குற்றவாளியின் மனநல மதிப்பீட்டை அரசுத் தரப்பு தாக்கல் செய்ய வேண்டும். எப்படிப்பட்ட குடும்பத்தில் வளர்ந்தார், சிறுவயதில் வன்முறைக்கு ஆளானாரா, எதுவரை படித்தார், என்ன வேலை பார்த்தார், சிறையில் எப்படி நடந்துகொள்கிறார் என்பனவும் நீதிபதியின் பார்வைக்கு வர வேண்டும். திருந்தவே வாய்ப்பில்லை என்பதை அரசுதான் சான்றுகளோடு நிறுவ வேண்டும் என்று 1980-லேயே பச்சன் சிங் வழக்கில் சொல்லப்பட்டுவிட்டது. அதை எப்படிச் செய்வது என்று சொல்ல 42 ஆண்டுகள் ஆயின.

சரி, இந்த விவரங்களை யார் திரட்டுவது? காவல் ஆய்வாளரின் வேலை குற்றத்தை நிரூபிப்பது. வழக்கறிஞருக்குச் சட்டப் பிரிவுகள் தெரியும். ஆனால், ஒரு மனிதரின் வாழ்க்கையை விசாரித்து அறிக்கையாக எழுதும் பயிற்சி சட்டக் கல்லூரிகளில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அது குற்றவியல் துறை தரும் பயிற்சி. ஆனால், குற்றவியல் மட்டும் படித்தவர் நீதிமன்றத்தில் எழுந்து வாதாட முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்கான தேவை இங்கேதான் இருக்கிறது.

ஒரு திருட்டு வழக்கு வருகிறது. பொருளை எடுத்தவருக்கு நேர்மையற்ற நோக்கம் இருந்ததா, உரிமையாளர் சம்மதித்தாரா, கிடைத்த சான்று சாட்சியச் சட்டப்படி செல்லுமா என்று சட்டம் பார்க்கும். இந்தத் தெருவில் மட்டும் ஏன் அடிக்கடி திருட்டு நடக்கிறது, பதின்வயதில் திருடுபவர்களில் பலர் பிறகு ஏன் நிறுத்திவிடுகிறார்கள், ஆறு மாதச் சிறை இவரைத் திருத்துமா அல்லது தேர்ந்த திருடராக்குமா, பறிகொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்று குற்றவியல் கேட்கும். இவை எல்லாவற்றுக்கும் பதில் தெரியாமல் நல்ல தீர்ப்பு எழுதுவது கடினம்.

பிறந்தபோது இந்தத் துறைகள் இப்படித் தள்ளி நிற்கவில்லை. 1764-ல் குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி எழுதி ஐரோப்பாவை உலுக்கிய சேசரே பெக்காரியா சட்டம் படித்தவர். 1885-ல் ‘குற்றவியல்’ என்ற பெயரிலேயே நூல் வெளியிட்ட ரஃபாயேலே கரோஃபலோ இத்தாலிய நீதித்துறையில் இருந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் நிறுவனம் இன்றும் அதன் சட்டப் புலத்தைச் சேர்ந்ததுதான்.

பொய்யான குற்றவியலோடு சட்டம் கைகோத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ரத்தம் சிந்தி அறிந்திருக்கிறது. சில சமூகங்களில் பிறந்தவர்கள் எல்லோருமே குற்றவாளிகள் என்ற நினைப்பில் 1871-ல் குற்றப் பழங்குடியினர் சட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, பிறவிக் குற்றவாளியை உடல் அடையாளங்களால் கண்டுபிடிக்கலாம் என்று இத்தாலிய மருத்துவர் லோம்ப்ரோசோ எழுதினார். 1911-ல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். அதை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் காவல்துறை சுட்டதில் 16 பேர் இறந்தார்கள்.

இத்தனைக்கும் லோம்ப்ரோசோவின் கருத்து அதற்கு முன்பே உடைந்துபோயிருந்தது. ஆங்கிலேய மருத்துவர் சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து பார்த்து, அப்படி ஒரு தனி உடல்வகை இல்லை என்று 1913-லேயே எழுதிவிட்டார். ஆய்வு ஒரு பக்கம் கிடந்தது. சட்டம் தன் போக்கில் நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும்தான் அது நீங்கியது. அதன் எச்சங்கள் சிறைக் கையேடுகளில் அதன் பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தன. சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளையும், சில சமூகத்தவரைப் பழகிய குற்றவாளிகளாகவே கருதும் விதிகளையும் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது 2024 அக்டோபரில். இரண்டு துறைகளும் தெரிந்தவர்கள் போதிய அளவில் இருந்திருந்தால், இந்த விதிகள் பற்றிய கேள்வி இன்னும் முன்பே நீதிமன்றப் படியேறியிருக்கும்.

புள்ளிவிவரங்களைப் படிப்பதற்கும் இந்தப் பயிற்சி தேவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில், ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் மிகக் கொடியது மட்டுமே கணக்கில் சேரும். பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற வழக்கு, பாலியல் வன்கொடுமைகளின் எண்ணிக்கையில் சேராது. இது தெரியாமல் அந்த எண்ணை வைத்து வாதாடினால் வாதம் சரிந்துவிடும். அதே காப்பகத்தின் 2022-ம் ஆண்டுச் சிறை அறிக்கையின்படி 5,73,220 கைதிகளில் 4,34,302 பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. அப்படித் தகுதி பெற்றவர்கள் யார் யார் என்று சிறைக்குள் போய்த் தேடிப் பிடிக்க ஆள் வேண்டும்.

எங்கே படிப்பது? சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறைகள் உள்ளன. குற்றவியலில் இளநிலைப் பட்டம் பெற்று, பிறகு மூன்றாண்டு எல்எல்.பி. படிப்பது ஒரு வழி. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்து, குற்றவியல் பிரிவுத் தாள்களைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. தண்டனையியல், பாதிக்கப்பட்டோரியல், சிறார் குற்றங்கள், வெள்ளைக் காலர் குற்றங்கள் போன்றவை பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதிகளிலேயே விருப்பப் பாடங்களாக இருக்கின்றன. கல்லூரி அவற்றை உண்மையிலேயே நடத்துகிறதா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். இரண்டு முழுநேரப் பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் அனுமதித்ததை நம்பிச் சட்டத்தோடு எம்.ஏ. குற்றவியலிலும் சேர்ந்துவிடக் கூடாது. பார் கவுன்சிலின் விதி அதைத் தடுக்கிறது. இங்கிலாந்தில் பல பல்கலைக்கழகங்கள் இரண்டையும் ஒரே பட்டமாகத் தருகின்றன. அங்கே படித்துவிட்டு இங்கே வழக்கறிஞராகப் பதிவுசெய்ய, அந்தப் பட்டத்துக்கு பார் கவுன்சிலின் அங்கீகாரமும் தகுதித் தேர்வும் வேண்டும்.

படித்து முடித்தவர்களுக்கு நீதிமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும் இடம் உண்டு: அரசு வழக்கறிஞர், சட்ட உதவி வழக்கறிஞர், நன்னடத்தை அலுவலர், சிறார் நீதிக் குழும உறுப்பினர். கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயது வரையிலானவரின் மன முதிர்ச்சியை மதிப்பிடுவது அந்தக் குழுமத்தின் நுட்பமான பணி. குழுமத்தில் உளவியல் வல்லுநர் இல்லையென்றால் வெளியிலிருந்து கட்டாயம் உதவி பெற வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2024 ஜூலை 1 முதல் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையைத் தண்டனையாக முதன்முறையாகச் சேர்த்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, முதல் முறையாகத் தண்டனை பெறுபவர் அதைத் திருப்பித் தந்துவிட்டால், சிறைக்குப் பதில் சமூக சேவைதான். எந்த வேலை, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்பதையெல்லாம் அந்தச் சட்டம் விரித்துச் சொல்லவில்லை. அவமானப்படுத்தாமல் திருத்தும் வேலை எது என்று குற்றவியல் ஆய்வுகளைப் படித்தவரும், அதை நீதிமன்ற ஆணையாக எழுதத் தெரிந்தவரும் ஒருவராகவே இருந்தால், அந்த விதிகளை வகுக்கும் மேசையில் அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும்.