ஜூன் 12, டிசம்பர் 6 ஆகும் இடம்

பேரேடும் கணினியும் – தொடர் 11

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பதும் ஜனவரி 28-இல் மூடுவதும் டெல்டாவில் வழிவழியாக வரும் கணக்கு. தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் தள்ளிப்போகும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2025-இல் பழைய முறைப்படி ஜூன் 12. குறுவைக்கு விதை, உரம், உழவுக்கூலி என்று தஞ்சாவூர் வட்டாரத்தில் பணம் கைமாறத் தொடங்கும் நாட்கள் இவை.

அந்த ஜூன் 12-இல் ஓர் உரக்கடைக்கு வந்த பணம், வங்கி தரும் சி.எஸ்.வி. கோப்பில் 12/06/2025 என்று நிற்கும். கோப்பை இரண்டு முறை தட்டினால் எக்ஸெலில் திறந்துகொள்ளும். அந்தக் கணினியில் விண்டோஸின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், முதலில் வருவது மாதம். ஜூன் 12 அந்த நொடியே டிசம்பர் 6 ஆகிவிடும். ஜனவரி 28-க்கு அந்த ஆபத்து இல்லை. 28-ஆவது மாதம் கிடையாது என்பதால் எக்ஸெல் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும்.

கோப்பைக் கணக்கு மென்பொருளில் ஏற்றும்போது ‘தேதி தவறு’ என்று திரும்பி வருவது இந்த இரண்டாவது வகைதான். கணக்கரும் அதைத்தான் உட்கார்ந்து திருத்துகிறார். முதல் வகை எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். மாதத்துக்கு முதல் 12 நாட்கள் வீதம் ஆண்டுக்கு 144 தேதிகளை இருவிதமாகப் படிக்கலாம். 1/1, 2/2 போன்ற 12 தேதிகள் எப்படிப் படித்தாலும் ஒன்றே. மீதி 132 நாட்கள் சத்தமில்லாமல் இடம் மாறும். பிழை காட்டி நிற்பவை 221. அந்த 221-ஐயும் கையால் திருத்தி முடித்தவர் வேலை முடிந்தது என்று நினைப்பார். ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தவறாகவே கிடக்கும்.

வங்கியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. நாள், மாதம், ஆண்டு என்று எழுதுவதே நம் வழக்கம். இன்றைய சிட்டி யூனியன் வங்கி 1904-இல் கும்பகோணத்தில் தொடங்கியது. அந்தக் காலத்துக் கைப்பேரேடுகளில் தேதியை எழுதியவரும் மனிதர், படித்தவரும் மனிதர். இருவருக்கும் ஒரே வழக்கம். இப்போது நடுவில் கணினி படிக்கிறது. அது கோப்பைப் பார்த்து முடிவு செய்வதில்லை, தன் வட்டார அமைப்பைப் பார்த்து முடிவு செய்கிறது. கணினி வாங்கிய நாளில் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்ததை யாரும் மாற்றாமலே விட்ட அலுவலகங்கள் ஏராளம்.

பலர் செய்யும் வைத்தியம், கட்டத்தின் வடிவத்தை நாள்-மாதம்-ஆண்டு என்று மாற்றுவது. பயனில்லை. எக்ஸெல் தேதியை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிய எண்ணாக வைத்துக்கொள்கிறது. 2025 ஜூன் 12 என்றால் 45820. டிசம்பர் 6 என்றால் 45997. உள்ளே 45997 விழுந்த பிறகு வடிவத்தை எப்படி மாற்றினாலும் 06-12-2025 என்றுதான் வரும், அதுவும் நம் வழக்கப்படி அழகாக. பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. கெடுவுக்குள் கட்டிய ஒரு விவசாயியின் வரவு, இப்படி ஒரு கோப்பு வழியாக ஏறும்போது ஆறு மாதம் தள்ளிப் பதிவானால் அவர் பெயர் தவணை தவறியவர் பட்டியலில் நிற்கும். அவரிடம் ரசீது இருக்கும். ஆனால் அதை எடுத்துக்கொண்டு அலைவது அவர்தான். அரிசி ஆலைக்காரருக்கு வேறு தொல்லை. சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் தர வேண்டும். தராவிட்டால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 2023-24 நிதியாண்டு முதல் இது நடைமுறை. ஒழுங்காகக் கொடுத்தவரையும் தேதி மாறிய பதிவு தாமதித்தவராகக் காட்டிவிடும்.

சரி, எப்படிப் பிடிப்பது? ஏற்றுவதற்கு முன் தேதிப் பத்தியைப் பாருங்கள். சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் கோப்பு ஏற்கெனவே கெட்டுவிட்டது. வலப்பக்கம் நிற்பவைதான் மாறிப்போனவை. இதைவிட உறுதியான சாட்சி இருப்புப் பத்தி. தேதி வரிசைப்படி அடுக்கினால் முந்தைய இருப்போடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்து வருவது அடுத்த இருப்பாக இருக்க வேண்டும். ஒரே நாளில் பல பதிவுகள் இருந்தால் அவற்றின் வரிசை குழம்பலாம், அதை விட்டுவிடுங்கள். வேறு நாட்களுக்கு நடுவே இருப்பு உடைந்தால் அங்கேதான் தேதி மாறியிருக்கிறது.

கெட்ட கோப்பை ஒட்டுப்போட வேண்டாம். வங்கியிலிருந்து புதிதாக இறக்குங்கள். தட்டித் திறக்காமல், வெற்று எக்ஸெல் தாளில் டேட்டா பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, தேதிப் பத்திக்கு நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லிக் கொடுங்கள். விண்டோஸின் வட்டாரத்தை ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றிவிட்டால் அடுத்த மாதமும் இதே வேலை இருக்காது. வங்கியோ மென்பொருளோ 2025-06-12 என்ற வரிசையைத் தந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். 1988-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 தரம் அது. அதில் ஆண்டு முதலில் வருவதால் நாளும் மாதமும் குழம்ப வழியில்லை.

முன்பே ஏற்றிவிட்டவர்கள் காப்புப் பிரதி எடுத்துக்கொண்டு, அந்தக் கோப்பிலிருந்து ஏறிய பதிவுகளை மொத்தமாக நீக்கி மறுபடி ஏற்றுவதுதான் நல்லது. ஒவ்வொன்றாகத் திருத்தினால் எது திருத்தியது, எது திருத்தாதது என்று பிறகு தெரியாது. முதலில் ஏப்ரல் 1, 2, 3 தேதிகளைப் பாருங்கள். அவை மாறினால் ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 ஆகி முந்தைய நிதியாண்டுக்குள் போய்விடும். அந்த ஆண்டின் கணக்கை ஆடிட்டரிடம் கொடுத்து முடித்திருந்தால் அவரிடமும் உடனே சொல்லிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: ஒரே பணத்துக்கு வங்கி காட்டும் இரண்டு தேதிகள்)