பூட்டில்லாப் புத்தகசாலை

மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சிக் கோட்டையிலிருந்து ஆட்சி நடத்திய டச்சுத் தளபதி வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலான நாட்டு வைத்தியர்களின் மூலிகையறிவைத் திரட்டினார். 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்னும் அத்தொகுப்பு 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. நூலின் மொழியோ இலத்தீன்! அறிவை ஈந்த மக்களே அதனைப் படிக்க இயலாது நின்றனர். பேராசிரியர் மணிலாலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது 2003-இல்தான்.

இன்று மூலநூலை இணையத்தில் எவரும் கட்டணமின்றிக் காணலாம். பல்கலைக்கழகங்களின் ஆய்வும் பாடமும் இங்ஙனம் யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பதே 'திறந்த அணுகல்' கொள்கை. பொதுப்பணத்தில் விளைந்த அறிவு பொதுச்சொத்தன்றோ?

2001-இல் தோன்றி, இந்நாளில் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் தமிழக அரசு நிறுவனம், தமிழ்ப் பாடங்களையும் மின்னூல்களையும் இவ்வாறே வழங்குகிறது. பிறமொழிப் பள்ளிகளில் பயிலும் நம் குழந்தைகளுக்கு அக்கதவு திறந்தே இருக்கிறது. கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்வது நம் கடன்.