கையில் காசு, வாயில் தோசை!

பெங்களூர் சிறு கடைகள் பலவற்றில் 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் திடீரென்று ஓர் அட்டை தொங்கியது.

"யு.பி.ஐ. கிடையாது. ரொக்கம் மட்டும்!"

டீ குடிக்க வந்தவர்கள் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்கள். செல்போன் இருந்தது. சில்லறை இல்லை!

கடைக்காரர்களை மிரள வைத்தது, கர்நாடக வணிக வரித்துறையின் நோட்டீசு. ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு விற்றால் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டும். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். கல்லாவில் விழும் காசை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. செல்போன் வழியே வந்த பணமோ பைசா விடாமல் பதிவாகி இருந்தது. அதைக் கூட்டிப் பார்த்துத்தான் நோட்டீசு அனுப்பினார்கள். வரியே இல்லாத பால், காய்கறி விற்றவர்களுக்கும் வந்துவிட்டது! கைமாற்றாக வாங்கிய பணமும் விற்பனைக் கணக்கில் சேர்ந்துவிட்டதாக வியாபாரிகள் முறையிட்டனர்.

பழைய பாக்கி வசூலிக்கப்படாது, ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று முதல்-மந்திரி சித்தராமையா 23-ந் தேதி அறிவித்தார். பதற்றம் தணிந்தது.

யார் எஜமான்?

அட்டையை மாட்டியவர் கடைக்காரர். கழற்ற வைப்பவர் வாடிக்கையாளர்! பக்கத்துக் கடை செல்போன் பணம் வாங்கினால் அவர் அங்கே போய்விடுவார்.

யு.பி.ஐ. வந்தது 2016-ல். அதே ஆண்டு நவம்பர் 8-ந் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அந்த நெருக்கடி தீர்ந்த பிறகும் மக்கள் செல்போனை விடவில்லை. ஒரு ரூபாய் பாக்கிக்கு மிட்டாய் நீட்டும் கடைக்காரரை யாருக்குத்தான் பிடிக்கும்?

அதற்கு முன்பு மாதச் சம்பளக்காரர்களுக்குப் பற்று நோட்டுதான் துணை. அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் அது பழக்கமானதே. கையில் காசு இல்லாவிட்டாலும் அரிசி வீட்டுக்கு வரும். ஆனால் பருப்பில் கல் இருந்தால் சண்டை போட முடியாது. பாக்கிக்காரருக்கு வாய் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும்! ரொக்கம் கொடுப்பவரோ நாலு கடை ஏறி இறங்கி, விலை கேட்டு வாங்குவார்.

செல்போன், குமாஸ்தாவுக்கும் அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது. கூடவே ஒரு வினையும் வந்தது. நூறு ரூபாய் நோட்டை உடைக்க யோசிப்பவர், செல்போனில் நூறு ரூபாய் தட்ட யோசிப்பதில்லை. போண்டா, ஆட்டோ, பிள்ளைக்கு ஐஸ்கிரீம்... போன இடம் தெரியாது.

இதனால் சம்பளம் வந்ததுமே ரொக்கமாக எடுத்து, வாடகைக்கு ஒரு டப்பா, அரிசிக்கு ஒரு டப்பா, ஊருக்கு அனுப்ப ஒரு டப்பா என்று பிரித்து வைக்கும் குடும்பத் தலைவிகள் உண்டு. மற்றவர்கள் 20-ந் தேதிக்கு மேல் மளிகைக் கடையில் தயங்கி நிற்கிறார்கள்.

"அண்ணே, நோட்டுல எழுதிக்குங்க!"

பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் பெட்டிக்குக் கீழேயிருந்து, கடைக்காரர் பழைய நோட்டை எடுக்கிறார்.