சிஎன்சி மில்லிங் எந்திரத்தில் கருவி நீள ஈடு: அளவீடும் கலைச்சொல்லும்

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர்த் தொழில் மண்டலத்தின் அருகே அமைந்த பேரூர் கெலமங்கலம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் இவ்வட்டாரத்தின் எந்திரப் பட்டறைகளில் தொழிற்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலவழி வந்தவை: டூல், ஜாப், ஹோல்டர், ஆஃப்செட். இவற்றுள் ஆஃப்செட் என்பது குறிக்கும் எண், அளந்தவர் கையாண்ட முறைக்கேற்ப வேறுவேறு பொருள் தருகிறது. அவ்வேறுபாட்டையும் அதனால் நேரும் இடரையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு நிரலில் பல கருவிகள் அடுத்தடுத்து இயங்குகின்றன. அவற்றின் நீளங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. நிரல், ஜாப்பின் மேற்பரப்பைச் சுழியாகக் கொண்டு எழுதப்படுகிறது. எந்திரமோ ஸ்பிண்டில் முகப்பு இருக்கும் இடத்தை மட்டுமே அறியும். கருவியின் நுனி எங்குள்ளது என்று அதற்கு உணர்த்துவதே நீள ஈடு. ஃபானுக் வகைக் கட்டுப்பாட்டகங்களில் ஜி43 கட்டளையும் எச் எண்ணும் சேர்ந்து இதைச் செயற்படுத்துகின்றன. அப்போது ஜி54 அட்டவணையின் இசட் மதிப்பு, எச் மதிப்பு, நிரலின் இசட் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையே ஸ்பிண்டில் சென்று சேரும் இடமாகும்.

இரு முறைகள்

முதல் முறையில், எந்திரத்தின் மேல்நிலைச் சுழியிலிருந்து கருவியை இறக்கி ஜாப்பைத் தொடச் செய்வர். அப்போது திரையில் தெரியும் −342.615 மி.மீ. எச் மதிப்பாகப் பதிவாகும். ஜி54 இசட் 0. இரண்டாம் முறையில், ஸ்பிண்டில் முகப்பிலிருந்து நுனிவரையுள்ள மெய்யான நீளம், எடுத்துக்காட்டாக 148.250 மி.மீ., எச் மதிப்பாகும். ஜி54 இசட் −490.865 ஆகும். கூட்டினால் இரண்டிலும் −342.615 மி.மீ.தான். எல்லாம் முறையாக நடக்கும்வரை வேறுபாடு புலப்படாது.

நிரலில் ஜி43 விடுபட்டால்தான் அது வெளிப்படுகிறது. கருவியை இசட் 50க்கு விரைந்து செலுத்துமாறு நிரல் பணிப்பதாகக் கொள்வோம். முதல் முறையில் இலக்கு மேல்நிலைச் சுழிக்கும் 50 மி.மீ. மேலே அமையும், எல்லைமீறல் எச்சரிக்கை எழுந்து எந்திரம் நின்றுவிடும். இரண்டாம் முறையில் ஸ்பிண்டில் முகப்பே ஜாப்பிற்கு 50 மி.மீ. மேலே வர முயலும், 148.250 மி.மீ. நீளமுள்ள கருவியின் நுனி மேற்பரப்புக்கு 98.250 மி.மீ. கீழே செல்ல வேண்டியிருக்கும். கருவி, ஜாப், ஸ்பிண்டில் பேரிங் அனைத்தும் சேதமடையக்கூடும். மறதி ஒன்றே, விளைவு நேர்மாறானது.

முறைகள் கலந்தாலும் இதே நிலைதான். பகல் பணியாளர் இரண்டாம் முறையில் அமைத்த எந்திரத்தில், இரவுப் பணியாளர் மாற்றிய டிரில்லுக்கு மட்டும் −342.615 என இட்டால், இசட் 50க்கான இலக்கு −783.480 ஆகிவிடும். அதற்கு வெகு முன்பே டிரில் ஜாப்பில் மோதும்.

இருப்பினும் இரண்டாம் முறையே மேலானது எனலாம். ஜாப் மாறும்போது ஜி54 மதிப்பை மட்டும் மாற்றினால் போதும். இருபது கருவிகளையும் மீண்டும் தொட்டு அளக்க வேண்டியதில்லை. அளவுகோலைக் கருவியின் அருகில் பிடித்தாலே பதிவு ஏறத்தாழச் சரியா என்று தெரிந்துவிடும். முதல் முறையின் எண்ணுக்கு இவ்வாய்ப்பு இல்லை. எம்முறையாயினும் முதல் ஓட்டத்தில் சிங்கிள் பிளாக்கை இயக்கி, விரைவோட்ட வேகத்தைக் குறைத்து, எஞ்சிய தொலைவைத் திரையில் கவனிப்பது அவசியம்.

கலைச்சொல்

முதல் முறையில் பதிவாவது நீளமே அன்று. மேல்நிலையிலிருந்து ஜாப்பைத் தொடும்வரையான தொலைவு. அதையும் ‘கருவி நீளம்’ என்றால் கற்பவர் குழம்புவர். அதனைத் ‘தொடுதொலைவு’ என்றும், இரண்டாம் முறையின் எண்ணை மட்டும் ‘கருவி நீளம்’ என்றும், இரண்டுக்கும் பொதுப்பெயராக ‘நீள ஈடு’ என்றும் வழங்கலாம். செட்டிங் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் இவற்றுள் உரிய சொல் எழுதப்பட்டிருந்தால், மேற்கண்ட இரவுப் பணியாளர் தம் டிரில்லை எவ்வாறு அளக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பார். தேய்மானப் பதிவு இவற்றிலிருந்து வேறானது. 10.00 மி.மீ. ஆழம் வேண்டிய இடத்தில் 9.96 மி.மீ. கிடைத்தால் அங்கே −0.04 இடப்படும்; இரு முறைகளிலும் அதன் பொருள் ஒன்றே என்பதால் ‘திருத்தம்’ என்ற சொல் அதற்குப் பொருந்தும்.